ஏழு மதிப்பெண் எதைச் சொல்கிறது? செட்டிநாட்டு உதவித்தொகைத் தேர்வுக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அறக்கட்டளைப் பெரியவர்களுக்கும், தேர்வுக் குழுவில் இருக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கும் வணக்கம்.

இரண்டு விடைத்தாள்களை மேசையில் அருகருகே வைத்துப் பாருங்கள். 20 கேள்வி, கேள்விக்கு நான்கு விடை, நூற்றுக்கு 35 என்ற கணக்கில் தேர்ச்சிக்கு 7 என்று வைத்துக்கொள்வோம். முதல் தாளில் ஆறே வட்டங்கள் கறுப்பாக இருக்கின்றன. ஆறும் சரி. மற்ற 14 இடங்களில் பேனா முனைகூடப் படவில்லை. இரண்டாவது தாளில் 20 வட்டமும் நிறைந்திருக்கிறது. அ, ஆ, இ, ஈ, மறுபடி அ, ஆ, இ, ஈ என்று படிக்கட்டு மாதிரி இறங்குகிறது. அதில் ஏழு சரி. விதிப்படி முதல் பிள்ளைக்கு உதவித்தொகை இல்லை, இரண்டாம் பிள்ளைக்கு உண்டு.

ஒன்றுமே தெரியாமல் ஆறு கேள்விக்குக் குறித்து ஆறும் சரியாக விழ 4,096இல் ஒரு வாய்ப்புதான். ஒன்றுமே தெரியாமல் 20ஐயும் குறித்து 7 அல்லது அதற்கு மேல் வாங்க நூற்றுக்கு 21 வாய்ப்பு இருக்கிறது. படித்ததற்கு உறுதியான சான்று எந்தத் தாளில் இருக்கிறதோ அதைக் கட்டி மூலையில் போட்டுவிட்டு, ஐந்தில் ஒரு முறை தானாகவே வரக்கூடிய மதிப்பெண்ணுக்கு மாலை போடுகிறோம். இது யாருடைய கெட்ட எண்ணத்தாலும் நடப்பதில்லை. 7 என்ற எண்ணை யாரும் கேள்வி கேட்காததால் நடக்கிறது.

35 என்பது பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்விலிருந்து பழக்கத்தில் வந்த எண். அங்கே பெரும்பாலும் விடையை எழுத வேண்டும். பொருள் தெரியாதவன் பக்கத்தை நிரப்பினாலும் மதிப்பெண் பூச்சியத்துக்குப் பக்கத்தில்தான் நிற்கும். நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் தேர்வில் பூச்சியம் என்பது பூச்சியம் அல்ல. தெரியாதவனுக்கும் நூற்றுக்கு 25 சும்மா கிடைக்கிறது. அந்த 25ஐ ஒட்டினாற்போல 35இல் கோடு போட்டால், கேள்வி குறையக் குறைய அந்தக் கோடு வெறும் அதிர்ஷ்டத்தின் கைக்குள் போய்விடும். அதே 35 விழுக்காடுதான்: 20 கேள்வியில் குருட்டாம்போக்கில் தாண்டுபவர்கள் நூற்றுக்கு 21 பேர், 50 கேள்வியில் (அதாவது 18 சரி) நூற்றுக்கு ஐந்தரை பேர், 100 கேள்வியில் நூற்றுக்கு இரண்டு பேருக்கும் குறைவு. ஒரே விழுக்காடு, மூன்று வேறு தேர்வுகள்.

தெரிந்து சொல்வதையும் ஊகித்துச் சொல்வதையும் பிரிக்கப் புள்ளியியலில் கருதுகோள் சோதனை என்று ஒரு முறை உண்டு. முதலில் எதிர்த்தரப்பு வாதத்தை எழுதிக்கொள்வது: "இந்தப் பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது, எல்லாம் ஊகம்." இதற்கு இன்மைக் கருதுகோள் என்று பெயர். அது உண்மையானால் கையில் இருக்கும் இந்த மதிப்பெண்ணோ அதைவிடக் கூடுதலோ வர எவ்வளவு வாய்ப்பு என்று கணக்கிடுவது அடுத்தது. வாய்ப்பு மிகச் சிறியதாக இருந்தால் மட்டும் எதிர்த்தரப்பு வாதத்தைத் தள்ளுவது. அவ்வளவுதான். ஆனால் ஒவ்வொரு படியிலும் வழுக்கும்.

நம் சமையலறையை வைத்தே பார்க்கலாம். அம்மியில் அரைத்த மசாலாவா, மிக்ஸியில் அரைத்ததா என்று வாயில் வைத்ததுமே சொல்லிவிடுவேன் என்று ஒருவர் சொல்கிறார். ஒரே நாளில் வறுத்த மல்லி, மிளகு, சீரகம், சோம்பு, வரமிளகாயை எடைபோட்டு இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பாதியை அம்மியிலும் மறு பாதியை மிக்ஸியிலும் அரைத்து, ஒரே அளவு உப்பு, ஒரே அளவு தண்ணீர், ஒரே கொதி நேரம் வைத்து எட்டுக் கிண்ணங்களில் ஊற்றுங்கள்: நான்கு அம்மி, நான்கு மிக்ஸி. கிண்ணங்களின் வரிசையைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்ய வேண்டும். பரிமாறுபவருக்கு எது எது என்று தெரியக் கூடாது, தெரிந்தால் முகமே காட்டிக்கொடுத்துவிடும். ஒரு கிண்ணம் ஆறியிருந்தாலோ, ஒன்றில் மசாலா கொரகொரப்பாகக் கண்ணுக்கே தெரிந்தாலோ, சோதிப்பது நாக்கை அல்ல. எட்டில் நான்கைப் பொறுக்க 70 வழிகள் உண்டு; அவற்றில் ஒன்றுதான் முழுச் சரி. ஆகவே வெறும் ஊகத்தால் நான்கையும் சரியாகப் பொறுக்க 70இல் ஒரு வாய்ப்புதான்; பொறுக்கிவிட்டால் ஒப்புக்கொள்ளலாம். மூன்று சரி, ஒன்று தப்பு என்றால்? கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மூன்று அல்லது நான்கு சரியாக விழும் வழிகள் 70இல் 17. நான்கு பேர் குருட்டாம்போக்கில் பொறுக்கினால் சராசரியாக அவர்களில் ஒருவருக்கு அது வாய்த்துவிடும். இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் இருந்த ரொனால்ட் ஃபிஷர், பாலை முதலில் ஊற்றிய தேநீரா, பிறகு ஊற்றியதா என்று ருசியிலேயே சொல்வதாகக் கூறிய ஒரு பெண்மணிக்காக வகுத்து 1935இல் எழுதிய சோதனையின் அமைப்பு இதுவேதான்: எட்டுக் கோப்பை, 70 வழி.

இனி உங்கள் தேர்வுக்கு வருவோம். 20 கேள்வி, நான்கு விடை என்றால் ஊகத்தின் சராசரி 5. ஊக மதிப்பெண் இந்தச் சராசரியைவிட்டு வழக்கமாக எவ்வளவு ஏறி இறங்கும் என்பதன் அளவு திட்ட விலக்கம். அதற்குக் கேள்வி எண்ணிக்கையை 3ஆல் பெருக்கி, 16ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுங்கள்: 1.94. சராசரியோடு இரண்டு விலக்கத்தைக் கூட்டினால் 8.9, ஆகவே 9. ஊகத்தால் 8 அல்லது மேல் வர நூற்றுக்கு 10 வாய்ப்பு. 9 அல்லது மேல் வர 4. 10 அல்லது மேல் வர 1.4. கைக்கணக்கு வேண்டாம் என்றால் எக்செல்லில் 'பினாம்.டிஸ்ட்' என்ற சூத்திரம் இருக்கிறது. அதில் நான்கு இடம் நிரப்ப வேண்டும்: எண், கேள்வி எண்ணிக்கை, 0.25, கடைசியில் 'ட்ரூ'. வருவதை 1இலிருந்து கழிக்க வேண்டும். இங்கே எல்லோரும் தடுக்கி விழும் இடம் முதல் எண். "9 அல்லது மேல்" வேண்டுமானால் அங்கே 9 அல்ல, 8 போட வேண்டும். அந்தச் சூத்திரம் "8 வரை" என்பதைக் கூட்டித் தருகிறது. மிச்சம்தான் 9இலிருந்து மேலே உள்ளது. 9 என்று போட்டால் 4க்குப் பதில் 1.4 வரும், கோடு இருப்பதைவிடக் கண்டிப்பானதாகத் தெரியும்.

அப்படியானால் 9இல் கோடு போட்டுவிட்டால் போதுமா? போதாது. ஒரு பிள்ளையை மட்டும் சோதித்தால் 4 விழுக்காடு சரி. ஊர் ஊராக அறிவித்து 300 பிள்ளைகள் எழுதினால், அத்தனை பேரும் ஊகித்தாலும் 12 பேர் 9ஐத் தாண்டிவிடுவார்கள். இன்னும் உறைக்கும்படி சொன்னால், 300 பேரும் ஒன்றும் தெரியாதவர்களாகவே இருந்தாலும், அவர்களில் ஒருவராவது 11 அல்லது அதற்கு மேல் வாங்க நூற்றுக்கு 69 வாய்ப்பு. அந்த 11தான் மேடையில் முதல் பரிசாக அறிவிக்கப்படும். கூட்டம் பெரிதானால் அதிர்ஷ்டசாலியும் பெரியவராவார். ஆகவே கோடு போடும்போது எத்தனை பேர் எழுதுகிறார்கள் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். எளிய வழி: மொத்தக் கூட்டத்திலும் ஓர் ஊகக்காரர்கூட நுழையக் கூடாது, அதில் தவறும் வாய்ப்பு நூற்றுக்கு 5க்குள் இருக்கட்டும் என்று முடிவு செய்து, அந்த 0.05ஐ 300ஆல் வகுத்து, ஓர் ஊகக்காரர் தாண்டும் வாய்ப்பு அதைவிடக் குறையும் இடத்தில் கோடு போடுவது. 20 கேள்விக்கு அது 14இல் கொண்டுபோய் நிறுத்தும். 50 கேள்விக்கு 25.

ஏன் 20 கேள்விக்கு எழுபது விழுக்காடும் 50 கேள்விக்கு ஐம்பது விழுக்காடும்? இதுதான் இந்த மடலை எழுத வைத்த விஷயம். கோட்டை உயர்த்தினால் ஊகக்காரர் நிற்பார், சரி. கூடவே யார் நிற்கிறார் என்று பார்க்க வேண்டாமா? பாடத்தில் நூற்றுக்கு 40 பங்கு தெரிந்த பிள்ளை ஒருத்தி. வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை, தானாகப் படித்தது. கேள்விகள் பாடம் முழுவதிலிருந்தும் குலுக்கி எடுத்தவை. தெரியாததை அவளும் ஊகிக்கிறாள். ஆக ஒரு கேள்விக்கு அவள் சரியாக எழுதும் வாய்ப்பு 0.55. 20 கேள்வித் தேர்வில் 14 என்ற கோட்டை அவள் தாண்ட நூற்றுக்கு 13 வாய்ப்பே உண்டு. 50 கேள்வித் தேர்வில் 25ஐத் தாண்ட நூற்றுக்கு 80. பிள்ளை அதே பிள்ளை, அறிவு அதே அறிவு. முப்பது கேள்வி கூட்டியதால் அவள் உள்ளே வருகிறாள். குட்டித் தேர்வு நடத்துபவருக்கு இரண்டே வழிதான்: கோட்டைத் தாழ்த்தி அதிர்ஷ்டத்தை உள்ளே விடுவது, அல்லது கோட்டை உயர்த்தி இவளை வெளியே நிறுத்துவது. அச்சுச் செலவு மிச்சம் என்று 20 கேள்வியோடு நிறுத்தும் குழு, அந்த மிச்சத்தை இந்தப் பிள்ளையிடமிருந்து வாங்குகிறது.

50 கேள்வி தயாரிக்க ஆள் இல்லை என்றால் இரண்டு சுற்று வையுங்கள். முதல் சுற்றில் 20 கேள்வி, 9 வாங்கியவர்களை மட்டும் அடுத்த வாரம் அழைத்து வேறு 20 கேள்வி, அதிலும் 9. ஊகக்காரர் இரண்டையும் தாண்ட ஆயிரத்தில் இரண்டுக்கும் குறைந்த வாய்ப்பு; 300 பேரில் சராசரியாக அரை ஆள். நாம் சொன்ன பிள்ளை இரண்டையும் தாண்ட நூற்றுக்கு 75. இரண்டாம் சுற்றுக்குச் சிறு கூட்டமே வரும் என்பதால் ஒரு வகுப்பறை போதும்.

இன்னொரு மயக்கமும் உண்டு. 9க்கு 4 விழுக்காடு என்றால், "9 வாங்கியவர்களில் 4 விழுக்காடுதான் ஊகித்தவர்கள்" என்று பொருள் கொள்வது. அப்படி இல்லை. எழுதிய 300 பேரில் 250 பேர் வெறுமனே ஊகித்தவர்கள், 50 பேர் 40 பங்கு தெரிந்தவர்கள் என்று வைத்தால், தாண்டுபவர்களில் ஊகக்காரர் 10, தெரிந்தவர் 43. ஐந்தில் ஒருவர் ஊகம். தெரிந்தவர்கள் 10 பேர்தான் என்றால் ஊகக்காரர் 12, தெரிந்தவர் 9. தேர்ச்சிப் பட்டியலில் பாதிக்கு மேல் ஊகம்! கேள்வித்தாளைக் கடினமாக்கினால் தரம் உயரும் என்று நினைக்கும் குழுக்கள் இதைக் கவனிக்க வேண்டும். யாருக்குமே தெரியாத கேள்விகள் திறமையைப் பிரிப்பதில்லை, பரிசை அதிர்ஷ்டத்திடம் ஒப்படைக்கின்றன.

இதுவரை சொன்னதெல்லாம் ஊகக்காரருக்கு நான்கில் ஒரு வாய்ப்புதான் என்ற அடித்தளத்தில் நிற்கிறது. கேள்வி எழுதுபவர் கை அந்தத் தளத்தையே ஆட்டிவிடும். சரியான விடையை ஓரத்தில் வைக்க மனம் வராமல் ஆ, இ என்று நடுவில் வைப்பது மிகச் சாதாரணம். சரியான விடைதான் நீளமாக இருக்கும், ஏனென்றால் அதில்தான் ஐயம் வராதபடி எழுத வேண்டியிருக்கிறது. தவறான மூன்றையும் அவசரத்தில் எழுதுவதால் "மேற்கண்ட அனைத்தும்" வந்தால் அதுவே விடை. சில நேரம் இலக்கணமே காட்டிக்கொடுக்கும்: "இதைக் கட்டியவர்கள்" என்று கேள்வி முடியும், நான்கில் ஒரு விடைதான் பன்மையில் இருக்கும். இவற்றைக் கற்றுக்கொண்ட மாணவன் ஒரு பாடமும் படிக்காமல் நான்கில் ஒன்றை மூன்றில் ஒன்றாக்கிவிடுவான். பயிற்சி வகுப்புக்குப் போக வசதி உள்ள பிள்ளைகளுக்குத்தான் இந்த வித்தை முதலில் கிடைக்கும்.

சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது, செலவும் இல்லை. தேர்வு எழுதப் போகாத 30 மாணவர்களைப் பக்கத்து ஊர்ப் பள்ளியில் உட்காரவைத்து, கேள்விகளை நீக்கிவிட்டு விடைகளை மட்டும் அச்சடித்துக் கொடுங்கள். எது சரியாக இருக்கும் என்று அவர்கள் குறிக்கட்டும். கேள்வியே தெரியாதவர்கள் என்பதால் ஒவ்வொரு கேள்விக்கும் சுமார் ஏழெட்டுப் பேர்தான் சரியாகக் குறிக்க வேண்டும். 13 பேரோ அதற்கு மேலோ சரியாகக் குறித்தால் அந்தக் கேள்வி தன் விடையைத் தானே சொல்கிறது என்று வைத்துக்கொண்டு திருத்தி எழுதுங்கள். மொத்தக் கூட்டலை மட்டும் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம். இரண்டு கேள்வி ஒழுகுவதை மற்ற பதினெட்டும் மறைத்துவிடும். தாள்களைத் திரும்ப வாங்கிக்கொள்ள மறக்கக் கூடாது. விடை எந்த எழுத்தில் வர வேண்டும் என்பதைக் கையால் முடிவு செய்யாமல் அ, ஆ, இ, ஈ சீட்டுகளைக் குலுக்கி எடுங்கள். ஒவ்வொரு முறையும் எடுத்த சீட்டைத் திரும்பப் போட்டுக் குலுக்க வேண்டும். தொடர்ந்து மூன்று 'இ' வந்தால் "சரியாக இல்லையே" என்று மாற்றத் தோன்றும், மாற்றாதீர்கள்.

சரியா தவறா வகைக் கேள்விகளைக் கூடுமானவரை விட்டுவிடலாம். பத்துக் கேள்வியில் 7 அல்லது மேல் ஊகத்தாலேயே நூற்றுக்கு 17 முறை வரும். பொருத்துக வகையில் வேறொரு சிக்கல்: ஐந்துக்கு ஐந்து என்றால் நான்கு மட்டும் சரியாக வரவே முடியாது, ஒன்று தவறினால் இன்னொன்றும் சேர்ந்து தவறும். அதை ஐந்து தனிக் கேள்விகளாக எண்ணி மேலே சொன்ன கணக்கைப் போட்டால் கணக்கு உதைக்கும். வலப்பக்கம் ஐந்துக்குப் பதில் ஏழெட்டுச் சொற்கள் கொடுத்தால் இந்தப் பிணைப்பு தளரும்.

தப்புக்குக் கழிப்பது பற்றியும் சொல்ல வேண்டும். நான்கு விடை என்றால் ஒரு தவறுக்கு மூன்றில் ஒரு பங்கு கழித்தால்தான் ஊகத்தின் சராசரி பூச்சியமாகும். நீட் தேர்வில் சரிக்கு 4, தவறுக்கு 1 கழிவு. அதாவது நான்கில் ஒரு பங்கு. அதைப் பார்த்து அப்படியே எடுத்துக்கொண்டால் ஊகத்துக்குச் சிறிது ஆதாயம் மிஞ்சும். தொடக்கத்தில் பார்த்த இரண்டு தாள்களுக்கும் மூன்றில் ஒன்று கழித்துப் பாருங்கள்: வெற்றிடம் விட்ட பிள்ளைக்கு அதே 6, படிக்கட்டு இறங்கிய தாளுக்கு 7இலிருந்து 13 தவறுக்கான நாலேகாலுக்குச் சற்று மேல் போய் 2.67. இரண்டு விடையைத் தவறென்று விலக்கத் தெரிந்த பிள்ளை மிச்ச இரண்டில் ஊகித்தால் கேள்விக்குச் சராசரி மூன்றில் ஒரு மதிப்பெண் கிடைக்கும். அது நியாயமே, விலக்கத் தெரிந்ததும் அறிவுதானே. ஆனால் இரண்டை மனத்தில் வையுங்கள். கழிவு ஊகத்தின் சராசரியைத்தான் பூச்சியமாக்கும், ஏற்ற இறக்கத்தை ஒழிக்காது; ஆகவே கோடு எங்கே என்ற கணக்கு அப்போதும் வேண்டும். கழிவு உண்டு என்பதைப் பிள்ளைகளுக்குத் தேர்வுக்கு முன்பே தமிழில், உதாரணத்தோடு சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் பயந்த பிள்ளை தெரிந்ததையும் விட்டுவிடும். வெற்றிடம் விட்ட தாளில் பிறகு யாரும் குறித்துவிடக் கூடாது என்பதற்கு, டி.என்.பி.எஸ்.சி. விடைத்தாளில் இருப்பதுபோல 'விடை தெரியவில்லை' என்று ஐந்தாவது வட்டம் வைப்பது நல்ல ஏற்பாடு.

கோட்டைத் தாண்டாத பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது என்று இந்தச் சோதனை சொல்வதில்லை. தெரியும் என்று காட்ட இந்தத் தேர்வு போதவில்லை என்று மட்டும் சொல்கிறது. "தோல்வி" என்று பள்ளிப் பலகையில் ஒட்ட வேண்டாம். தேர்ந்தெடுத்தவர்கள் பட்டியல் மட்டும் போதும்.

எந்த எண்ணாக இருந்தாலும் தேர்வுக்கு முன்பே முடிவு செய்து, கேள்வி எண்ணிக்கை, விடை எண்ணிக்கை, எதிர்பார்க்கும் பிள்ளைகள், கோடு, கழிவு ஐந்தையும் ஒரு தாளில் எழுதி, குழுவினர் கையெழுத்துப் போட்டு உறையில் வைத்துவிடுங்கள். மதிப்பெண் வந்த பிறகு "இந்த வருடம் 12 ஆக்கலாமே, நம்ம ஊர்ப் பிள்ளை ஒன்று 12இல் நிற்கிறது" என்று கோட்டை நகர்த்தினால் மேலே போட்ட நிகழ்தகவு எதுவும் பொருந்தாது. நின்ற பிள்ளைகளுக்கு மட்டும் "இன்னும் ஐந்து கேள்வி" கேட்பதும் அதே தவறுதான், கேட்டுக்கொண்டே இருந்தால் ஒருநாள் தாண்டிவிடுவார்கள். இரண்டாம் சுற்று வேண்டுமென்றால் அதையும் முதலிலேயே எழுதிவைக்க வேண்டும்.

வள்ளல் அழகப்பர் மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடிக்கு வரவேண்டும் என்று 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்த மண் இது. ஐந்தொகையில் ஒரு காசு உதைத்தால் இரவு விளக்கை அணைக்காமல் தேடிய ஊர்கள் இவை. அதே கண்ணோடு பழைய தேர்வுக் கட்டுகளைப் பிரித்துப் பாருங்கள் என்று கேட்கிறோம். சென்ற ஆண்டு விடைத்தாள்கள் அலுவலகத்தில் இருந்தால், எத்தனை பேர் எத்தனை மதிப்பெண் என்று மட்டும் எண்ணி, 0 முதல் 20 வரை ஒரு வரிசையாக எழுதுங்கள், பெயர் தேவையில்லை. 300 பேரும் ஊகித்திருந்தால் 5 வாங்கியவர் சுமார் 60 பேர், 10 வாங்கியவர் மூன்று பேர் இருக்க வேண்டும். உங்கள் வரிசை அதை ஒத்திருந்தால் சென்ற ஆண்டுத் தேர்வு யாரையும் பிரிக்கவில்லை. கூடவே, பத்துக்கு மேல் குறிக்காமல் விட்டு, குறித்ததெல்லாம் சரியாக இருந்த தாள்களைத் தனியே எடுத்துவையுங்கள். அந்தப் பிள்ளைகள் இன்னும் பள்ளியில்தான் இருப்பார்கள். இந்த ஆண்டுத் தேர்வுக்கு அழைப்பு முதலில் அவர்களுக்குப் போகட்டும்.

இப்படிக்கு,
கணிதமும் புள்ளியியலும் கற்பிக்கும் சிலர்,
காரைக்குடி வட்டாரம்.